போலீஸாருக்கு யோகமும் ஓய்வும்

செஞ்சிக் கோட்டை 2025-ம் வருஷத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்ந்தது. நம்மவர் யாவருக்கும் இது பெருமையே. ஆனால் ராஜகிரியைக் காண வரும் ஜனத்திரளுக்கும், திருவிழாவுக்கும், பொதுக்கூட்டத்துக்கும் வெயிலில் நின்று காவல் புரியும் போலீஸ்காரரை நாம் நினைப்பதுண்டா?

அவர்களுடைய மனச்சோர்வைத் தணிக்கத் தமிழ்நாட்டுப் போலீஸ் இலாகா, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்துடன் சேர்ந்து 2018-ல் நிறைவாழ்வுப் பயிற்சியை ஆரம்பித்தது. யோகாப்பியாசமும் தியானமும் பல ஊர்களில் போலீஸாருக்குக் கற்பிக்கப்படுகின்றன. இவற்றை மனமார வரவேற்கிறோம். சினம் அடங்கினால் தடியும் அடங்கும். ஆதலின் பயன் ஜனங்களுக்குமாம்.

எனினும், இரவெல்லாம் ரோந்து சுற்றியவரை விடியற்காலையில் ஆசனம் போட அழைத்தால், அது இன்னொரு கவாத்தேயன்றி வேறென்ன? போலீஸ் உத்தியோகஸ்தர் எப்பொழுதும் வேலையிலிருப்பவராகவே கருதப்படுவர் என்று விதித்தது, அந்நிய ஆட்சியார் 1861-ல் இயற்றிய போலீஸ் சட்டத்தின் 22-வது பிரிவு. ஆண்டவர்கள் அகன்றும் அந்த மனோபாவம் அகன்றபாடில்லை.

வாரம் ஒரு நாள் ஓய்வளிக்கத் தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் உத்தரவு பிறப்பித்தனர். அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தவறாது நடைபெற வேண்டும். பந்தோபஸ்தின் பொருட்டுப் பறிபோகும் ஓய்வு நாள் பின்னர் ஈடுசெய்யப்பட வேண்டும். முதலில் உறக்கம், பிறகே யோகம். தடியடியைக் கண்டிக்கும் தேசத் தொண்டர்கள், தடி பிடித்தவரின் ஓய்வுக்காகவும் குரலெழுப்புவது தர்மமாகும்.