வீட்டுக்கடனும் வெப்பக் கணக்கும்

வீட்டுக்கடன் கோரி வருவோரிடம் பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்கிறோம். அவ்வீட்டினுள் எவ்வளவு வெப்பம் புகும் என்பது அந்த ஆவணங்கள் எதிலும் இருப்பதில்லை. ஆனால், மாதத் தவணையும் மின்கட்டணமும் ஒரே வருமானத்திலிருந்துதான் செலுத்தப்படுகின்றன.

கொல்கத்தாவும் சென்னையும் வெப்ப-ஈரத் தட்பவெப்ப மண்டலத்தைச் சேர்ந்தவை. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தடித்த சுவர்களும், ‘கொர்கொரி’ எனப்படும் சாய்பலகைச் சன்னல்களும் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டன. மெல்லிய சுவரும் அகன்ற கண்ணாடியும் கொண்ட அடுக்ககத்தில் அப்பணி குளிர்சாதனத்தின் தலையில் விழுகிறது.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ இதற்கு எளிய கணக்கொன்றைத் தருகிறது. சுவர்வழிக் கடத்தப்படும் வெப்பம், சன்னல்வழிக் கடத்தப்படும் வெப்பம், கண்ணாடியூடே நுழையும் கதிரவனின் வெப்பம் ஆகிய மூன்றையும் கூட்டி, வெளிச்சுவர்ப் பரப்பால் வகுக்கிறார்கள். குளிர் மண்டலம் நீங்கலாக, விடை சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டலாகாது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு.

குடும்பத்தின் பழக்கம் இக்கணக்கில் அடங்காது. ஆகவே மின்கட்டணத்தை இது துல்லியமாகச் சொல்லாது. எனினும், குளிர்பதனப் பெட்டியின் நட்சத்திரக் குறியைப் போல, இரு வீடுகளை ஒப்பிட இது போதும். கடன் விண்ணப்பத்துடன் இவ்வெண்ணையும் இணைக்கும் நடைமுறை வரவேண்டும் என்பதே எங்கள் கருத்து. அதுவரை, முன்பணம் கொடுக்குமுன் கட்டுநரிடம் நீங்களே கேளுங்கள். கடன் இருபது ஆண்டுகளில் தீரும். மேற்குச் சுவரின் வெயில் தீராது.