ஆறு இலக்கத்துக்கு ஒரு முழக் கட்டம்

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவோ, ரயிலில் இடம் பதிவு செய்யவோ, மின்கட்டணம் கட்டவோ முற்படுகிற பிரஜை எவரும் இந்நாளில் ஒரு குமாஸ்தாவின் முகத்தைக் காண்பதற்கு முன்னால், பல சமயம் அதைக் காணாமலேயே, கணினித் திரையிலோ கைபேசியிலோ வரிசையாக நிற்கும் வெற்றுக் கட்டங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்கட்டங்களின் நிறத்தைக் குறித்தும், அவற்றின் முனைகள் வளைந்திருக்க வேண்டுமா கூர்மையாக இருக்க வேண்டுமா என்பது குறித்தும் நீண்ட ஆலோசனை நடத்துகிற வடிவமைப்பாளர்கள், எந்தக் கட்டம் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். முகவரிக்கும் ஒரே அகலம், அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் அதே அகலம், வயதுக்கும் அதே அகலம் என்று திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரே சீராக நீட்டிவிடும் இந்த வழக்கத்தை அழகு என்று அவர்கள் கருதலாம். என் அபிப்பிராயத்தில் அது படிவத்தை நிரப்புகிறவரிடம் காட்டும் ஓர் அசிரத்தை.

ஏனெனில் கட்டத்தின் அகலமும் ஒரு கேள்வியே. நம் தேசத்தில் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஆறு இலக்கங்களே உண்டு. ஆறு இலக்கம் கொள்ளும் சிறு கட்டத்தைக் கண்டவுடனே, பக்கத்திலுள்ள குறிப்பைப் படிக்காதவருக்குங்கூட அங்கே எதை எழுத வேண்டும் என்பது புலப்பட்டுவிடும், ஓர் இலக்கம் விடுபட்டால் மிஞ்சி நிற்கும் வெற்றிடமே அதைக் காட்டிக்கொடுக்கும். அதே எண்ணுக்கு ஒரு முழ நீளக் கட்டத்தைக் கொடுத்தால், ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டுமோ, தபாலாபீஸின் பெயரைக் கேட்கிறார்களோ என்ற சந்தேகம், படிவம் நிரப்பிப் பழகாத ஒருவருக்கு எழுவது சகஜம். பத்து எழுத்துகள் கொண்ட பான் எண், பதினோர் எழுத்துகள் கொண்ட வங்கிக் கிளைக் குறியீடு ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். அஞ்சறைப்பெட்டியின் கிண்ணத்தையும் நெற்குதிரையும் ஒரே அளவில் செய்து கொடுக்கும் தச்சனை நாம் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டோம்.

அகலத்தைப் பற்றிய இந்த அலட்சியம் எப்போதும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அகலமே பெரும் கவலையாக இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1928-இல் அறிமுகப்படுத்திய துளை அட்டையில் எண்பது பத்திகளே உண்டு; ஒரு மனிதனைப் பற்றியோ ஒரு சரக்கைப் பற்றியோ சொல்ல வேண்டிய அனைத்தையும் அந்த எண்பதுக்குள் அடக்க வேண்டியிருந்தபடியால், பெயருக்கு இத்தனை, தொகைக்கு இத்தனை என்று ஒவ்வொரு பத்தியையும் கருமியைப்போல் எண்ணி எண்ணிப் பங்கிட்டார்கள். ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக இரண்டே போதும் என்று செய்த சிக்கனம், துளை அட்டை மறைந்த பிறகும் கணினியின் நினைவகத்தில் வேரூன்றி நின்று, 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகெங்கும் பெரும் பொருட்செலவில் திருத்த வேண்டிய பிழையாக விளைந்ததும், அத்திருத்த வேலையினால் நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் தழைத்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். பிறகு இணையம் வந்தது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1995-இல் வெளியான இரண்டாம் பதிப்பு, கட்டம் எத்தனை அகலமாகத் தோன்ற வேண்டும் என்பதையும், எத்தனை எழுத்துவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் இரு தனிப் பண்புகளாகப் பிரித்தே வைத்திருந்தது. அந்தப் பாகுபாட்டின் அருமையைப் பின்னால் வந்தவர்கள் உணரவில்லை. பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பின், 2013-இல் வெளிவந்து பெரும் செல்வாக்குப் பெற்ற மூன்றாம் பதிப்பு, படிவக் கட்டங்களுக்கு நூறு சதவீத அகலத்தை இயல்பாகவே கொடுத்துவிட்டது. அதை வாங்கி அப்படியே ஒட்டுவது சுலபம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நின்று யோசிப்பது சிரமம். இன்றைய ஒரே சீரான கட்டங்களின் பிறப்பில் கலா ரசனையைக் காட்டிலும் இந்தச் சௌகரியத்துக்கே அதிகப் பங்கு உண்டென்று நான் நினைக்கிறேன்.

கைபேசித் திரையே குறுகலானது, அதில் எல்லாக் கட்டங்களும் திரையின் அகலத்தை நிறைத்தால்தானே விரலால் தொட வசதி என்று ஓர் ஆக்ஷேபணை எழுவதுண்டு. பெயருக்கும் முகவரிக்கும் அது சரியே. அவற்றுக்கு இடம் போதாமற்போனால், எழுதியதன் தொடக்கம் இடப்புறம் ஓடி மறைந்து, எழுத்துப்பிழையைச் சரிபார்க்கவும் வழியில்லாமற்போகிறது. ஆனால் ஆறு இலக்கம் கொள்ளும் கட்டமும் விரல் நுனிக்குத் தாராளமான இலக்குத்தான். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் இணையச் சேவைகளுக்கென வகுத்திருக்கும் வடிவமைப்பு நெறிமுறையில், எழுதப்போகும் விஷயத்துக்கு ஏற்ற அளவில் கட்டம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, பத்து, இருபது எழுத்துகளுக்கான அகலங்களைத் தயாராகவும் வைத்திருக்கிறார்கள். பிறந்த தேதிக்கு நாளும் மாதமும் ஆண்டும் தனித்தனிக் கட்டங்கள். முதல் இரண்டும் சிறியவை, ஆண்டுக்கு உரியது சற்றுப் பெரியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் 85 என்று சுருக்கி எழுதாமல் 1985 என்று முழுமையாக எழுதத் தோன்றும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது வெறும் சௌகரியப் பிரச்சினையாக நிற்பதில்லை. மின்வழிப் பணப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வரவு வைக்கப்படும் என்பது ரிசர்வ் வங்கி 2010-இல் தெளிவுபடுத்திய ஏற்பாடு; நெஃப்ட் முறையில் பணம் அனுப்புமுன் பெறுகிறவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதி 2025-இல்தான் வந்தது. இந்த எண்ணின் நீளமோ வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது: ஸ்டேட் வங்கியில் பதினொன்று, எச்டிஎஃப்சி வங்கியில் பதினான்கு, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் பதினைந்து. வங்கியின் பெயரை முதலில் கேட்டு, அதற்கேற்பக் கட்டத்தின் அகலத்தை மாற்றுவது நிரல் எழுதுகிறவருக்கு மலையைப் புரட்டும் காரியமன்று. ஓய்வூதியத்தில் பாதியைப் பிள்ளைக்கு அனுப்புகிற முதியவருக்கு, எண் முழுமையாக விழுந்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே அறிகிற ஆறுதல் அதனால் கிட்டும்.

இங்கே ஒரு விபரீதத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கட்டம் குறுகலாகத் தோன்ற வேண்டும் என்று நான் சொல்வதை, குறுகலாகவே ஏற்க வேண்டும் என்று சிலர் பொருள்கொண்டுவிடுகிறார்கள். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம். ஆனால் அட்டையில் அது நான்கு நான்காகப் பிரித்து, நடுவே இரண்டு இடைவெளிகளுடன் அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையில் உள்ளபடியே ஒருவர் இடைவெளி விட்டு எழுதினால் பதினான்கு குறிகள் ஆகின்றன. பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளும் கட்டமானால் கடைசி இரண்டு இலக்கங்களை ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கிவிட்டு, பிறகு எண் தவறு என்று அவரையே கடிந்துகொள்ளும். தேசக் குறியீடான +91 சேர்ந்த கைபேசி எண்ணை நகலெடுத்து, பத்தோடு முடியும் கட்டத்தில் ஒட்டுகிறவருக்கும் இதே கதிதான். தோற்றத்தில் பத்துக்கு உரிய அகலமும், ஏற்பதில் இருபதுக்கு உரிய தாராளமும் வைத்து, வேண்டாத இடைவெளிகளைக் கணினியே நீக்கிக்கொள்ளச் செய்வதுதான் முறை. இடைவெளிகளைக் களைவது இயந்திரத்துக்குக் கணப்பொழுது வேலை. அதை மனிதர்மேல் சுமத்துவதில் எந்த நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் எழுதும் படிவங்களுக்கு வரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. திருச்சிராப்பள்ளி என்ற ஊரின் பெயர் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. உலாவி அதைப் பதினேழாக எண்ணுகிறது, ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். பைட்டுகளைக் கொண்டு அளக்கும் தரவுத்தளமோ அதையே ஐம்பத்தொன்று என்கிறது. ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்துகளால் அமைந்த அதே பெயர் எல்லாக் கணக்கிலும் பதினைந்தாகவே நிற்பதால், ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்த நிரலாளருக்கு இந்த விஷயம் தெரியவே வருவதில்லை. அகலத்திலும் அப்படியே: கட்டத்தின் அளவை பூஜ்யம் என்ற இலக்கத்தின் அகலத்தைக் கொண்டு நிர்ணயிக்கும் வழக்கம் நிரலாளரிடையே உண்டு, ஆனால் நம் ணகரமும் ஐகாரமும் ஔகாரமும் பூஜ்யத்தைக் காட்டிலும் அகன்ற உடம்பு படைத்தவை. பெயரின் அமைப்பு தனிக் கதை. தலைப்பெழுத்து ஒன்றும் பெயர் ஒன்றுமாக வாழ்கிறவர்களிடம் குடும்பப் பெயருக்கென்று ஒரு நீண்ட கட்டத்தை நீட்டி, அதில் ‘சு’ என்று ஒற்றை எழுத்தை இட்டால் குறைந்தது மூன்றெழுத்தாவது வேண்டும் என்று மறுக்கும் தளங்கள் இருக்கின்றன. தலைப்பெழுத்துக்கென ஒரு சிறு கட்டத்தையும், பெயருக்கென ஒரு பெரிய கட்டத்தையும் அடுத்தடுத்து வைத்தால் இந்தத் தகராறே எழாது.

எல்லாவற்றிலும் மிகுதியான சிக்கனம் காட்டப்படுவது குறைகளைத் தெரிவிக்கும் மனுப் படிவத்தில்தான். பட்டா மாறாமல் பல ஆண்டுகளாக அலைகிறவர் தம் விஷயத்தை முறைப்படி சொல்ல வேண்டுமானால் சர்வே எண், உட்பிரிவு, கிரயப் பத்திரத்தின் விவரம், முன்பு கொடுத்த மனுக்களின் தேதிகள் எல்லாம் வேண்டும். அதற்கு இரண்டு வரி உயரமுள்ள ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, ஐந்நூறு குறிகளோடு முடித்துக்கொள் என்றால், மேற்சொன்ன கணக்குப்படி ஏறக்குறைய இருநூற்றறுபத்தைந்து தமிழ் எழுத்துகளுக்குள் அவர் தம் வழக்கை முடித்தாக வேண்டும். எழுத எழுத உயரும் கட்டத்தை அமைப்பது கடினமன்று. இணையதளம் அமைப்பதற்கு டெண்டர் கோரும் அரசு அலுவலகங்கள், நிபந்தனைகளின் நடுவே ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டால் போதும்: ஸ்ரீவைகுண்டத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஊராகக் கொண்ட முகவரிகளையும், ஒற்றைத் தலைப்பெழுத்துப் பெயர்களையும், ஒரு முழுப் பக்கத் தமிழ் மனுவையும் இட்டுப் பார்த்து, அவை குறைவின்றி ஏற்கப்பட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பது என்று.