அச்சு அசல் யாருக்கு?

டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் 'புக் ஆஃப் கெல்ஸ்', பொ.ஆ. 800 வாக்கில் துறவிகள் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல். கன்றுத்தோலில் 340 ஏடுகள். பார்க்கப் போகிறவர்களுக்குக் கண்ணாடிக்குள் விரித்துவைத்த பக்கங்கள் மட்டுமே தெரியும். புரட்டிப் பார்க்க நகலை விட்டால் வழியில்லை.

1951இல் பெர்ன் நகரில் வெளியான நகலில் 48 பக்கங்களுக்குத்தான் வண்ணம். மற்றவை கறுப்பு வெள்ளை. முழு நூலையும் வண்ணத்தில் அச்சிட முன்வந்தது சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஃபாக்சிமிலே ஃபெர்லாக் பதிப்பகம். நூலகம் லேசில் இணங்கவில்லை. நெளிந்த தோலை அழுத்தினால் பூச்சு உதிரும். காற்றை மெல்ல உறிஞ்சி ஏட்டை நிமிர்த்தி, தொடாமலே படமெடுக்கும் முறையை உருவாக்கிய பிறகே, 1986இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மாதிரி அச்சிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு நிறத்தைத் திருத்தினார்கள். தோலில் இருந்த துளைகள்கூட நகலில் அப்படியே வந்தன.

நூலகத்தின் தயக்கம் வீண் பயமல்ல. 2000இல் மாற்கு நற்செய்தி அடங்கிய பகுதி கான்பெராவுக்கு விமானத்தில் போனபோது சில இடங்களில் வண்ணம் சேதமானது. விமான அதிர்வே காரணம் என்று கருதப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு 1990இல் வெளியிட்ட பிரதிகள் 1,480. விலை ஆயிரக்கணக்கான டாலர். காகிதமோ மையோ தீர்ந்து இந்த எண்ணிக்கையில் நிற்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால்தான் சேகரிப்பாளர் பணத்தை எடுப்பார். அரிய நூலின் நகல் இன்னொரு அரிய நூலாகி அலமாரிக்குள் போய்விடுகிறது. பதிப்பகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணம் இல்லாமல் அந்தப் படங்களே பிறந்திருக்காது. கேள்வி, அனுமதி தரும் நூலகங்களிடம்தான். வெளிச்சத்தையும் கையாளுதலையும் தாங்குவது மூலநூல்; ஒருமுறை எடுத்த படங்கள் எல்லாருக்கும் பயன்பட வேண்டாமா?

டிரினிட்டி பிற்பாடு முழு நூலையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அப்படியானால் அச்சு நகல் எதற்கு என்று கேட்கலாம். திரையில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். ஆனால், சுமார் 33 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தில் அந்தப் பின்னல் வேலை எத்தனை நுணுக்கம் என்பது, அசல் அளவில் கண்முன் விரிந்தால்தான் உறைக்கும். நூலுக்குப் பெயர் தந்த கெல்ஸ் ஊரில், பழைய மடம் இருந்த இடத்துத் தேவாலயத்தில் ஒரு பிரதி இருக்கிறது. இப்படி நகல் பொதுமக்கள் கண்ணில் படுவதைத் தற்செயலுக்கு விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்: இத்தனை பிரதிகள் பொது நூலகங்களுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் படங்கள் அனைத்தும் பொதுவுக்கு.