அயலூரில் ஒரு சிம் கார்டு

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு நம்ம ஆட்கள் கொடுக்கும் முதல் அறிவுரை, "ஊறுகாய் எடுத்துக்கோ." இரண்டாவது அறிவுரை, "இறங்கினதும் லோக்கல் சிம் வாங்கிடு, ரோமிங்ல போட்டுப் பணத்தைக் கரைக்காதே." ஊறுகாயைப் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து எதுவும் இல்லை :) இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாங்காக் விமான நிலையத்தில் எந்தக் கவுன்ட்டர் மலிவு என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படிப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இங்கே உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இந்த விஷயம் கொஞ்சம் தலைகீழாகத் தெரிகிறது. ஏனென்றால் இது ஆட்கள் வந்து இறங்குகிற இடம். 1998ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்த காலத்திலிருந்து கொரியர்கள் வருகிறார்கள். ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் நிசான், யமஹா என்று வந்த பிறகு ஜப்பானியர்கள். ஃபாக்ஸ்கான் வழியாகத் தைவான்காரர்கள். இவர்களை எல்லாம் விடப் பல மடங்கு அதிகமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துப் பையன்களும் பெண்களும். பாஸ்போர்ட் தேவைப்படாத பயணம்தான். ஆனால் பேச்சு, எழுத்து, சாப்பாடு எல்லாம் மாறிவிடுகிறதே, அவர்களுக்கு இதுவும் ஒரு வெளிநாடு மாதிரிதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஊர் வந்தவர்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள, அங்கே சிம் விற்கிற இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். அந்தப் பரீட்சையில் நாம் இன்னும் பாஸ் ஆகவில்லை.

முதலில் இந்த லோக்கல் சிம் ஏன் மலிவு என்று பார்ப்போம். நீங்கள் இந்திய எண்ணோடு இன்னொரு நாட்டுக்குப் போனால், அந்த நாட்டு நிறுவனத்தின் டவரைத்தான் உங்கள் போன் பிடிக்கும். அதற்கு அந்த நிறுவனம் உங்கள் இந்திய நிறுவனத்திடம் ஒரு மொத்த விலை வாங்கும். அதன் மேல் இவர்கள் தங்கள் லாபத்தை வைத்து உங்களிடம் வாங்குவார்கள். இரண்டு நாட்டு நிறுவனங்கள் பேசி வைத்துக்கொள்ளும் விலையை ஒரு நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பால் மட்டும் குறைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லா நாடுகளும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்ததால்தான் ஜூன் 2017ல் தங்களுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை ஒழிக்க முடிந்தது. மற்ற இடங்களில் நீங்கள் உள்ளூர்க்காரராக மாறுவதுதான் ஒரே வழி. லோக்கல் சிம் என்பது அதுதான், கொஞ்ச நாளைக்கு உள்ளூர்க்காரர் ஆவதற்கான சீட்டு.

இந்தச் சீட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி கொடுக்கிறது. கொழும்பு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே டயலாக், மொபிடெல் கவுன்ட்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. சிங்கப்பூரிலும் பாஸ்போர்ட் போதும், ஆனால் ஒருவர் பேரில் 3 ப்ரீபெய்டு சிம்களுக்கு மேல் கிடையாது. ஜப்பானில் சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் டேட்டா சிம், பேசுவதற்கான எண் அதில் இருக்காது. தென் கொரியாவில் சிம் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் நம் பெயரில் முறையாகப் பதிவான கொரிய எண் இல்லாவிட்டால் அங்கே பல இணையச் சேவைகளுக்குள் நுழையவே முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். சிம் என்பது இப்போது இரண்டு பொருள். ஒன்று டேட்டா. இன்னொன்று எண். டேட்டாவை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், ஹோட்டல் வைஃபையில் இலவசமாகவே கிடைக்கும். எண் அப்படி இல்லை, அது அடையாளம். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். அதனால் வெளிநாடு போகும் சீனியர்களுக்கு நான் சொல்வது: லோக்கல் சிம் வாங்குங்கள், ஆனால் இந்திய சிம்மைக் கழற்றி எங்கேயோ போட்டுவிடாதீர்கள். இரண்டு சிம் போடும் போனில் அது இன்னொரு பக்கம் இருக்கட்டும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை உயிரூட்டி, அதன் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். ரீசார்ஜ் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். ரொம்ப நாள் பயன்பாடே இல்லாமல் விட்டால் எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் வங்கிக் கணக்கின் சாவி யாரோ ஒருத்தர் சட்டைப் பையில்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் இறங்கும் ஒரு கொரிய எஞ்சினியரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சிம் வாங்க அவருக்குப் பாஸ்போர்ட், விசா, புகைப்படம், தங்குமிட விவரம் வேண்டும். பிப்ரவரி 2017ல் இ-விசாவில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு பி.எஸ்.என்.எல். சிம்மை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது, நல்ல யோசனை. 2023ல் ஜி20 மாநாட்டை ஒட்டி, இந்திய எண் இல்லாத வெளிநாட்டவரும் பணம் செலுத்த 'யூபிஐ ஒன் வேர்ல்டு' வந்தது. ஆனாலும் இந்திய எண் இல்லாமல் இங்கே டாக்ஸி பிடிப்பதிலிருந்து சாப்பாடு வரவழைப்பது வரை அவருக்குச் சிக்கல்தான். ஒன்று, அவருக்காக ஓடுவதற்கு கம்பெனியில் ஒரு ஆள் இருப்பார். எச்.ஆர். அதிகாரி கூடப் போய் எல்லாம் முடித்துக்கொடுத்துவிடுவார். அவர் பாடு ஒரு மாதிரி தீர்ந்துவிடும்.

ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் பையனுக்கு யார் ஓடுவார்கள்?

ஒரு காலத்தில் அவன் நிலைமை இதைவிட மோசம். இந்தியாவுக்குள்ளேயே ரோமிங் இருந்தது. ஊர் எண்ணோடு இங்கே வந்தால், அம்மா கூப்பிட்டு இவன் எடுத்துப் பேசினாலும் இவன் காசு போகும். மே 2015ல்தான் உள்வரும் அழைப்பின் ரோமிங் உச்சவரம்பை 75 பைசாவிலிருந்து 45 பைசாவுக்கு டிராய் குறைத்தது, அதுவும் நிமிடத்துக்கு. சரி, லோக்கல் சிம் வாங்கலாம் என்றால் உள்ளூர் முகவரிச் சான்று கேட்பார்கள். பத்துப் பேர் ஒரு அறையில் படுக்கிறவனுக்கு எந்த வீட்டுக்காரர் சான்று தருவார்? ஜூலை 2015ல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தது. 2016ல் ஜியோ ரோமிங் இல்லாமல் வந்தது, 2017ல் மற்றவர்களும் கைவிட்டார்கள். ஆதாரும் விரல் ரேகையும் வைத்துச் சில நிமிடத்தில் சிம் என்கிற முறையும் வந்தது. செப்டம்பர் 2018ல் உச்ச நீதிமன்றம் ஆதார் கட்டாயமில்லை என்றது, பின்னர் விருப்பத்தின் பேரில் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆக, காகிதத்தில் பார்த்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

காகிதத்தில்தான். ஒரகடம் பக்கம் ஒரு சின்ன மொபைல் கடையில் ரீசார்ஜுக்கு நின்றபோது பார்த்தேன். முன்னால் ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசு. ரேகை மெஷினில் விரலை வைத்தான்.

"நஹி ஆயா. பையா, ஏக் பார் அவுர்" என்றார் கடைக்காரர்.

மறுபடி வைத்தான். மறுபடி "ஏக் பார் அவுர்". மூன்றாவது தடவை வைத்துவிட்டு, "ஹோ கயா, அண்ணா?" என்று கேட்டான். ஆயிற்று என்று சிம்மைக் கொடுத்தார். அவன் வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். வார்ப்பட வேலையும் கட்டட வேலையும் செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்து போய் மெஷின் எடுக்காமல் போவது நிஜம். ஆனால் மோசடியும் சரியாக இதே உருவத்தில்தான் நடக்கிறது. முதல் தடவையே பதிவாகியிருக்கும், "வரலை" என்று சொல்லி இன்னொரு தடவை வைக்கச் சொல்லி, அவன் பேரிலேயே இரண்டாவது சிம்மை எடுத்துவிடுவார்கள். அந்த இரண்டாவது சிம் எங்கே போகும்? யாரோ ஒரு ஓய்வூதியக்காரரின் சேமிப்பைச் சுருட்டும் கும்பலுக்குப் போகும். போலீஸ் எண்ணைத் தேடிப் போனால் கிடைப்பது இந்தப் பையன் பெயர். மொழி தெரியாத ஊரில் அவன் என்னவென்று விளக்குவான்? 2023ன் தொலைத்தொடர்புச் சட்டத்தில், பொதுவாக ஒருவர் பேரில் 9 சிம்களுக்கு மேல் இருந்தால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தன் பேரில் எத்தனை இருக்கிறது என்றே தெரியாதவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து!

"அதுக்குத்தான் கெடுபிடி வேணும்கிறோம், பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்று என் அறை நண்பன் கேட்கிறான். முக்கியம்தான். யார் வேண்டுமானாலும் பேர் ஊர் இல்லாமல் சிம் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெடுபிடி யார் மீது என்பதுதான் கேள்வி. வாங்குகிறவனிடம் இன்னும் இரண்டு காகிதம் கேட்பதால் மோசடிக்காரன் நிற்க மாட்டான், அவனிடம் எல்லாக் காகிதமும் இருக்கும், அடுத்தவன் பேரில். விற்கிறவரைக் கண்காணிப்பதுதான் பலன் தரும். டிசம்பர் 2023லிருந்து சிம் விற்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது அந்த வகையில் சரியான திசை.

ஒரு சிம்முக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். இரண்டு சம்பவங்களை நினைத்துப் பாருங்கள். மார்ச் 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் அறைகளில் அடைந்து கிடந்தபோது ரீசார்ஜ் கடைகளும் மூடியிருந்தன. நிறுவனங்கள் சில, குறைந்த வருமானக்காரர்களுக்குச் செல்லுபடி காலத்தை நீட்டித்து 10 ரூபாய் பேச்சு நேரமும் கொடுத்தன. அந்தப் பத்து ரூபாய்தான் பலருக்கு ஊரோடு இருந்த ஒரே கயிறு. அடுத்தது மார்ச் 2023. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நாட்களில், "நான் நல்லா இருக்கேன் அம்மா, அது பொய்" என்று கூப்பிட்டுச் சொல்ல முடிந்தவன் வீட்டில் அன்று இரவு சோறு இறங்கியிருக்கும். முடியாதவன் வீட்டில்?

அதனால் என் ஆலோசனைகள் மூன்று. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று, வல்லம் வடகாலில் ஆகஸ்ட் 2024ல் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்ததே, அந்த மாதிரி இடங்களிலும் தொழிற்பேட்டை வாசல்களிலும் தொலைபேசி நிறுவனங்களே நேரடியாகக் கவுன்ட்டர் போட வேண்டும். விமான நிலையத்தில் முடிகிறது, இங்கே முடியாதா?

இரண்டு, எத்தனை தடவை விரல் வைத்தாலும், எத்தனை சிம் பதிவானது என்று வாங்குகிறவர் மொழியிலேயே கடையில் ஒரு திரை காட்ட வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி போதும்.

மூன்று, இது நமக்கு. மே 2023ல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுத் தளத்தில் நம் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் நம் பேரில் உள்ள எல்லா எண்களும் வரும். நம்முடையது இல்லாததை "என் எண் அல்ல" என்று அங்கேயே புகார் செய்யலாம். ஐந்து நிமிட வேலை. பக்கத்து அறையில், மெஸ்ஸில், டீக்கடையில் பழக்கமான ஒரு வெளிமாநிலப் பையனுக்கு இதைச் செய்து காட்டுங்கள். அப்படியே உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சரியங்கள் காத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நோக்கியா 2006ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் ஆலையை மூடும்வரை கோடிக்கணக்கான போன்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போயின. இப்போது ஐபோன்கள் போகின்றன. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022லிருந்து சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். சிம் போடும் துளையே இல்லாத போனைச் செய்து அனுப்புகிற ஊரில், அதைச் செய்கிற கைகளுக்கு ஒரு சாதாரண சிம் வாங்கப் பயமில்லாமல் விரல் வைக்க முடிய வேண்டும். அதைக் கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறதா?