ஓடுவதும் ஓடாததும்



லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறியவர்கள், பெரியாற்று நீரை மின்நிலையத்திற்கு இறக்கும் பெருங்குழாய்களைக் கண்டிருப்பீர்கள். அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் கலந்து, இராமநாதபுரம் நோக்கிச் செல்கிறது. அம்மாவட்டத்தின் தென்கரையிலுள்ள மன்னார் வளைகுடாவில், நீர்க்குழாய்களே உடலாக அமைந்த ஓர் உயிர் வாழ்கிறது. அதுதான் கடற்பஞ்சு.

அதற்கு மூளையில்லை, இதயமில்லை, வயிறுமில்லை. பாறையில் ஒட்டிக்கிடக்கும் அதனைப் பார்ப்பவர் செடியென்றே எண்ணுவர். ஆயினும் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. நுண்துளைகளின் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்டு, நீரை மேல்துளையால் வெளியேற்றுகிறது.

இதனோடு குஜராத்தின் கட்ச் சிறு ரண் உவர்நிலத்தில் திரியும் காட்டுக்கழுதையை ஒப்பிட்டுப் பாருங்கள். அது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடியது. திருக்குர்ஆனின் அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தில் மிரண்டோடும் கழுதைகள் உவமையாக வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆபத்து வந்தால் கழுதை ஓடும்; கடற்பஞ்சு எங்கே ஓடும்?

ஓட இயலாத கடற்பஞ்சுகள் பல, தம் உடலிலுள்ள வேதிப்பொருள்களாலேயே தம்மைக் காத்துக்கொள்கின்றன. அவ்வுடல் மனிதனுக்கும் உதவியது. 1950களின் தொடக்கத்தில், ஃப்ளோரிடா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில் வெர்னர் பெர்க்மன் என்னும் அறிஞர் சில அரிய பொருள்களைக் கண்டார். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் உருவானதே, இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் சைட்டராபின் என்னும் மருந்து.

ஓட்டமோ கழுதையைக் காத்துவிடவில்லை. நோய்கள் பரவியதும் அவ்வினம் சரிந்து, 1969இல் 362 என்றானது. அதன்பின் சரணாலயம் அமைத்துப் பேணியதால், 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 7,672 ஆக உயர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணினோம், காத்தோம்.

கடற்பஞ்சை எண்ணுபவர் யார்? மன்னார் வளைகுடா 1986இல் 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும், பூங்காவின் எல்லை அழுக்கு நீரைத் தடுத்து நிறுத்துமா? நுண்துளைகளைச் சேறு அடைத்தால் கடற்பஞ்சு பட்டினியால் மடியும். அது இடம்விட்டுப் போகாது, கூக்குரலிடவும் செய்யாது. அதனுடன் நாம் இன்னும் அறியாத மருந்தும் அழிந்துபோகலாம்.

சிந்தித்துப் பாருங்கள்! பாய்ந்தோடுவதைக் கண்டு வியக்கும் நம் கண், அசையாமல் நீரை வடித்துக்கொண்டிருப்பதையும் அறியட்டும். வாய்க்காலில் குப்பையை எறிய ஓங்கும் கை, சற்றே தயங்கட்டும்.