எடைக்குப் போடாதீர்கள்!

பரணில் ஒரு மூட்டை கிடக்கிறது. பாட்டி கட்டி வைத்த மூட்டை. பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மூட்டையை இறக்குகிறார்கள். உள்ளே பழைய பத்திரிகைகள். தொட்டால் ஓரம் உதிர்கிறது. "குப்பை!" என்கிறார்கள். வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நிற்கிறார். மூட்டை போகிறது, சில்லறை வருகிறது.

போனது குப்பைதானா?

தமிழில் பெண்களுக்கென்று பத்திரிகை தோன்றி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1891-இல் "பெண்மதி போதினி" வெளிவந்தது. 1905-இல் "சக்கரவர்த்தினி" வந்தது. அதன் ஆசிரியர் பாரதியார்.

1925-இல் "ஜகன்மோகினி" இதழை ஒரு பெண்மணி ஏற்று நடத்தத் தொடங்கினார். அவர்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள். குழந்தைப் பருவத்திலேயே மணமானவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொல்லச் சொல்ல, முதல் நாடகத்தை எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அப்படித் தொடங்கியவர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரில் சிறைக்கும் போனார். 1960-இல் மறைந்தார்.

இத்தகைய இதழ்களின் ஆரம்பப் பிரதிகள் இன்று கிடைப்பது அரிது. ஏன்?

முதல் இதழ் வரும்போது, அது பின்னால் பேர் பெறும் என்று யாருக்கும் தெரியாது. படித்தார்கள், போட்டுவிட்டார்கள். தொடர்கதையை விரும்பியவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டு செய்தார்கள். கதை பிழைத்தது. தலையங்கமும், வாசகர் கடிதமும், விளம்பரமும் அடுப்புக்குப் போயின. அன்றையப் பெண்கள் எதைக் கேட்டார்கள், எதற்கு அழுதார்கள் என்று சொல்லும் பக்கங்கள் அவை அல்லவா?

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகங்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-இல் காலமானார். அந்தச் சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டு போகவில்லை. 1994-இல் அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு தனி மனிதர் காத்ததை இன்று ஊரே படிக்கிறது!

அரிய இதழை விலை கொடுத்து வாங்கி, பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. யாரும் படிக்காத இதழ், இருந்தும் இல்லாததுதான். நூலகத்தில் ஒரு படமாவது எடுக்கக் கொடுக்க வேண்டும்.

மூட்டை கிடைத்தால் அவசரப்படாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். அட்டையைப் பிரிக்காதீர்கள், அதில்தான் ஆண்டும் மாதமும் இருக்கும்.

அந்த அட்டையின் மூலையில் பாட்டி தம் பெயரை எழுதியிருக்கிறாரா, அதையும் பாருங்கள். பெண் படித்தால் பழித்த காலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர் அவர். அந்தக் கையெழுத்தைத் தராசில் வைக்கலாமா?