எப்ப மருந்து அடிச்சீங்க?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். ஊட்டிக்கு வந்தப்போ ரோட்டோரம் எடுத்ததாம். சுருண்ட பெரணிக் குருத்து. "இது சாப்பிடலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி.

வேண்டாம் சார். கூடலூர்ப் பக்கமும் வயநாட்டிலும் ஓடைக்கரையில் வளர்கிற ஒரு பெரணியின் குருத்தைப் பறித்துச் சமைப்பார்கள், சுருளி என்பார்கள். மேட்டுப் புல்வெளியிலும் தேயிலைத் தோட்டத்து விளிம்பிலும் மண்டிக் கிடக்கிற பெரணி வேறு. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதைத் தொடர்ந்து மேய்ந்த மாடு ரத்தமாக மூத்திரம் போவதை இங்கே மாடு வளர்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் சுருண்டிருக்கும்.

பைன் காட்டுக்குள்ள சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வச்ச காளானும் அப்படித்தான். கதைப் புத்தகத்தில் பார்த்த அதே அழகு, விஷம்.

சமீப காலமா நகரத்து ஆட்களுக்குக் காட்டு உணவு மேல பெரிய ஆசை வந்திருக்கு. தப்பில்லை. நானும் பள்ளிக்கூடம் போற வழியில தவிட்டுப் பழம் தின்னு சட்டையெல்லாம் ஊதாக் கறையோட வீட்டுக்குப் போய் உதை வாங்கினவன்தான். ஆனா எல்லாரும் "இது என்ன செடி" என்று மட்டும் கேட்கிறார்கள். அடுத்த கேள்வியை எனக்குக் கத்துக்கொடுத்தது எங்க தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்க வர்ற அக்கா.

அவர் குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. தேயிலைக்கு நடுவுல முளைக்கிற எதுவும் அவருக்குக் களை இல்லை. மணத்தக்காளி, குப்பைக்கீரை, புளியாரை, ஓடைப் பக்கம் வல்லாரை. வேலை முடிந்து போகும்போது மடி நிறைய இருக்கும். வல்லாரையைப் பொடியா அரிந்து தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எலுமிச்சை பிழிந்து சம்பல் போடுவார். அடுப்பே வேண்டாம். வல்லாரையை வேரோடு பிடுங்க மாட்டார், கிள்ளி எடுப்பார். "வேரை எடுத்தா அடுத்த வாரம் எதைத் தின்கிறது தம்பி?"

எனக்கு இருப்பது ஒண்ணரை ஏக்கர். ஆறு பேர் இரண்டு நாள் களை எடுக்கிற வேலையை, மருந்து டேங்க் தூக்கின ஒரே ஆள் அரை நாளில் முடித்துவிடுவார். பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். ஒரு வருஷம் மருந்து அடிச்ச மூணாம் நாள், அக்கா மணத்தக்காளியை மடியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இலை இன்னும் பச்சையாத்தான் இருந்தது. மருந்து வேலை காட்ட ஒரு வாரம் ஆகும் இல்லையா? நான்தான் வாங்கிக் கீழே கொட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதுக்கு முந்தின நாள் பறிச்சாரா, வீட்டுல பேரப்பிள்ளைகள் சாப்பிட்டாங்களா என்று கேட்க எனக்கு வாய் வரலை. அதிலிருந்து எந்தத் தோட்டத்தில் கால் வைத்தாலும் முதல் கேள்வி அதுதான்: "எப்ப மருந்து அடிச்சீங்க?"

கிளைபோசேட்டை இந்தியாவில் பதிவு செய்திருப்பதே தேயிலைக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே அடிக்கணும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. ஒண்ணரை ஏக்கர்காரன் அப்படி ஒரு ஆளை எங்கே போய்க் கூப்பிடுவான்?

என் கருத்து கொஞ்சம் கசக்கும். தேயிலைத்தூள் மட்டும் மலிவா வேணும், மலையில் கிடைக்கிற கீரை சுத்தமா வேணும் என்று இரண்டையும் கேட்க முடியாது. களையைக் கையால் எடுக்கும் கூலி அந்தத் தூள் விலையில்தான் இருக்கணும்.

அப்புறம், சோலைக்குள் போய்க் கிழங்கு தோண்டலாமா என்றும் கேட்கிறார்கள். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் இருளர், குறும்பர் போன்ற வனத்தில் வாழும் மக்களுக்குத்தான் தந்திருக்கு, சுற்றுலா வந்தவங்களுக்கு இல்லை. அவங்க கிழங்கின் தலையைக் கொடியோட மண்ணில் விட்டு மூடிட்டு வருவாங்க. சில கிழங்கைச் சீவி, ஓடுற தண்ணியில் ஊறப்போட்டு, திரும்பத் திரும்ப அவிச்சு விஷம் எடுப்பாங்க. யூடியூபில் பத்து நிமிஷத்தில் வர்ற வித்தை இல்லை.

மேல் பக்கத்து அரை ஏக்கரில் நான் மருந்தை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. களை எடுக்கிற செலவு கையைக் கடிக்குது, மறைக்கலை. மணத்தக்காளி திரும்ப வந்திருக்கு. அக்கா அங்கே பறிக்கிறார், ஆனா வேலி ஓரமா இருக்கிறதைத் தொடுறதில்லை. ஏன்னு கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துல எப்ப அடிச்சாங்க, காத்து எந்தப் பக்கம் வீசுச்சு, உங்களுக்குத் தெரியுமா தம்பி?"